தன் கணக்கைத் தானே திருத்திய கவர்னர்



நம்மில் அநேகமாக எல்லோரும் அந்தச் சிலையைக் கடந்து போயிருப்போம். அண்ணா சாலையில் சிம்சன் தாண்டி, கூவம் பாலம் ஏறி, கோட்டைப் பக்கம் போகிறீர்கள். தீவுத்திடல் வந்ததும் நடுரோட்டில் உயரமான மேடை, அதன் மேல் ஒரு குதிரை, குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரர். பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாக ஐந்து வினாடி தெரிவார். காரில் போனால் அதுவும் இல்லை, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துவிடுவான். அவர்தான் சர் தாமஸ் மன்றோ, சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தவர்.

வங்கி வேலையில் இருந்தவரை நானும் அவரை ஐந்து வினாடிக்கு மேல் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவரைப் பார்ப்பதற்கென்றே புறப்பட்டுப் போனேன். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு பழைய மேலதிகாரியைப் பார்க்க என்றேன். அது முழுப் பொய் இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் குதிரை விஷயத்தை முடித்துவிடலாம். இந்தச் சிலையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, சேணம் இல்லாத குதிரைதானே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உண்மைதான். சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டாராம், திறப்பு விழா அன்று யாரோ அதைச் சுட்டிக் காட்ட, அவமானம் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டாராம். நானும் சிறுவயதில் இதைக் கேட்டு நம்பியவன்தான். ஆனால் கணக்கு இடிக்கிறது. சிற்பி லண்டனைச் சேர்ந்த சர் பிரான்சிஸ் சான்ட்ரி. இங்கே சிலை திறக்கப்பட்டது 1839 அக்டோபரில். அவர் இறந்தது 1841 நவம்பரில், இயற்கை மரணம். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நாலாம் ஜார்ஜ் மன்னர் சிலையும், ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் வெலிங்டன் பிரபுவின் சிலையும் அவர் பட்டறையில் உருவானவைதான். அவற்றிலும் சேணம், அங்கவடி கிடையாது. ஒருவர் மூன்று தடவையும் அதே இடத்தில் மறக்க மாட்டார். அது அவருடைய பாணி, அவ்வளவுதான்.

இனி குதிரையை விட்டுவிட்டு மேலே இருப்பவரைப் பார்ப்போம்.

மன்றோ பிறந்தது 1761 மே 27, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில். அப்பா அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். வசதியான குடும்பம். பையன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வியாபாரத்தில் இறங்குவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து அமெரிக்கா விடுதலைப் போரைத் தொடங்கியது. வர்ஜீனியாவிலிருந்து வரவேண்டிய பணம் வராமலே போய், அப்பாவின் வியாபாரம் நொடித்தது. வாராக்கடன் ஒரு வீட்டை எப்படிக் கவிழ்க்கும் என்பதைப் பதினெட்டு வயதிலேயே பார்த்துவிட்டுத்தான் மன்றோ கப்பல் ஏறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் மிகக் கீழ்ப் பதவி. 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார்.

சிறுவயதில் வந்த தட்டம்மையால் அவருக்குக் காது சற்று மந்தம். கையில் காசும் இல்லை. முதல் சில ஆண்டுகள் தலையணைகூட இல்லாமல், புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தலைக்கு வைத்துப் படுத்ததாக வீட்டுக்கு எழுதியிருக்கிறார். அந்த நிலையிலும் பிறகும் பெற்றோருக்குப் பணம் அனுப்பினார். ஹைதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் நடந்த போர்களில் இருந்தார். கூடவே பாரசீகமும் இந்த ஊர் மொழியும் கற்றுக்கொண்டார். பதவி உயர்வு மெதுவாகத்தான் வந்தது. சீனியாரிட்டி லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளியவர்களுக்கு அந்த ஆதங்கம் புரியும்.

1792-ல் வாழ்க்கை திரும்பியது. திப்புவிடமிருந்து கம்பெனிக்குப் பாரமகால் என்ற பகுதி கைமாறியது. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வட்டாரம். அதை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாகப் போன ராணுவ அதிகாரிகளில் மன்றோவும் ஒருவர். ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். தர்மபுரியில் ஒரு தோட்டம் போட்டுக்கொண்டார். பிற்காலத்தில் பெரிய பதவிகளுக்குப் போன பிறகும் அந்தத் தோட்டத்தை நினைத்து ஏங்கியிருக்கிறார்.

அங்கே ரீட் தொடங்கி, மன்றோ வளர்த்த முறைக்குத்தான் ரயத்துவாரி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். வங்காளத்தில் கம்பெனி ஜமீன்தார்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஜமீன்தார் குடியானவனிடம் என்ன வாங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. பாரமகாலில் அப்படி இல்லை. ரயத்து என்றால் குடியானவன். ஒவ்வொரு ரயத்தின் நிலத்தையும் அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, தீர்வை நிர்ணயித்து, அவன் பெயரிலேயே பட்டா கொடுத்து, நேராக அவனிடமே வசூலிப்பது. வங்கி மொழியில் சொன்னால், மொத்த வியாபாரியின் பெயரில் இருந்த ஒரே கணக்கை மூடிவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி லெட்ஜர் பக்கம் போட்ட மாதிரி.

பட்டா, அடங்கல், ஜமாபந்தி என்று இன்றும் தாலுகா அலுவலகத்தில் நாம் கேட்கிற சொற்கள் எல்லாம் அந்த முறையில் புழங்கியவைதான். சொல் அவருக்கு முன்பே உண்டு. அதை ராஜதானி முழுக்கச் சாதாரணக் குடியானவன் கையில் ஒரு காகிதமாகச் சேர்த்ததில் மன்றோவின் பங்கு பெரியது.

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு, சிறிது காலம் கனராவில் வேலை. 1800-ல் நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பெரும் பகுதிக்கு மன்றோ தலைமைக் கலெக்டர் ஆனார். பெல்லாரி, அனந்தபூர், கடப்பா, கர்நூல் பக்கம். பின்னாளில் அதில் பெரும்பகுதிக்கு ராயலசீமை என்று பெயர் வந்தது. எண்பது பாளையக்காரர்களும் அவர்களிடம் சுமார் முப்பதாயிரம் ஆயுதம் தாங்கிய ஆட்களும் இருந்ததாக அன்றைய கணக்கு. பாளையக்காரர்களை அவர் கடுமையாகத்தான் அடக்கினார். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களே அதற்காக அவரைக் குறை சொன்னார்கள். அதே மனிதர்தான் ஆண்டுக்கணக்கில் கூடாரத்தில் தங்கி, ஊர் ஊராகப் போய், மரத்தடியில் உட்கார்ந்து, மந்தமான காதைக் கூர்மையாக்கிக்கொண்டு குடியானவர்கள் சொன்னதைக் கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

அந்த ஏழு ஆண்டுகளில் அவர் வசூலித்த வருவாய் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகியது. கம்பெனிக்குப் போர்ச் செலவு, பணம் வேண்டும், மேலிடத்திலிருந்து நெருக்கடி. டார்கெட் என்ற சொல் அப்போது இல்லை, சமாசாரம் மட்டும் இருந்தது. தீர்வை மொத்த விளைச்சலில் சுமார் 45 விழுக்காடு வரை போனது. நூறு மூட்டை விளைந்தால் 45 சர்க்காருக்கு. மீதி 55-ல் விதை, மாடு, கூலி, வட்டி, சாப்பாடு எல்லாம். மழை பொய்த்தால் சொல்லவே வேண்டாம்.

1807-ல் ஊருக்குத் திரும்பும் முன்பு மன்றோ மேலிடத்துக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். அதன் சாரம் இது: தான் போட்ட தீர்வை அதிகம், பொதுவாக 25 விழுக்காடு குறைக்க வேண்டும், கிணற்றுப் பாசன நிலங்களுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குறைக்க வேண்டும். 45-ல் நாலில் ஒரு பங்கு போனால் 33 முக்கால், அதாவது விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. நிலம் குடியானவனுக்குச் சொத்தாக நிலைக்க வேண்டுமானால் அதற்கு மேல் வாங்கக்கூடாது என்பது அவர் போட்ட கணக்கு.

நல்ல வசூல் காட்டிப் பெயர் வாங்கிய அதிகாரி, ஊருக்குப் போகிற சமயத்தில், தன் எண் தப்பு என்று தானே எழுதிக் கொடுப்பது எவ்வளவு அபூர்வம் என்று அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பதவி உயர்வு வாங்கித் தந்த எண்ணை யாரும் தொட மாட்டார்கள்.

மேலிடம் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, ரயத்துவாரியையே நிறுத்திவிட்டது. கிராமம் கிராமமாகக் குத்தகைக்கு விட்டார்கள். முதலில் மூன்றாண்டு, பிறகு பத்தாண்டு. பழைய உயர்ந்த தீர்வையை வைத்தே குத்தகைத் தொகை. எடுத்தவர்களில் பலர் நொடித்துப் போனார்கள், நிலங்கள் தரிசாகின.

மன்றோ இங்கிலாந்தில் சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் பேச்சு 1813-ல் நாடாளுமன்றத்தில் நடந்தபோது சாட்சியம் சொன்னார். 1814-ல் ஜேன் கேம்பல் என்ற பெண்ணை மணந்தார், அப்போது அவருக்கு வயது 53 நெருங்கியிருந்தது. அதே ஆண்டு, நீதி, போலீஸ் நிர்வாகத்தைச் சீரமைக்கும் குழுவின் தலைவராகச் சென்னைக்குத் திரும்பினார். மராத்தியப் போரிலும் படை நடத்தினார். 1820 ஜூனில் சென்னை ராஜதானியின் கவர்னராகப் பொறுப்பேற்றார்.

கவர்னர் ஆனதும் ரயத்துவாரி திரும்ப வந்தது. பெல்லாரி, கடப்பா பகுதிகளில் 1807-ல் அவர் கேட்ட அந்த 25 விழுக்காடு குறைப்பும் வந்தது. நடுவில் 13 ஆண்டுகள். வங்கியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக்கூடாது என்பது. குறுக்கே ஒரு கோடு போட வேண்டும், பழைய எண் தெரிய வேண்டும், மேலே சரியான எண்ணை எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மன்றோ செய்தது அதுதான். கையெழுத்துப் போடும் அதிகாரம் கைக்கு வர அவர் 13 ஆண்டுகள் காத்திருந்தார், ஆனால் அந்தப் பக்கத்தை மறக்கவில்லை.

கவர்னராக அவர் செய்த இன்னொரு காரியம், நம் குடியிருப்பில் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருப்பதால் அவசியம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் படிப்பு எப்படி இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், முதலில் எண்ணுங்கள் என்று 1822-ல் கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1826-ல் கணக்கு வந்து சேர்ந்தது. ராஜதானி முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள் தொகை 1,28,50,941. வகுத்துப் பார்த்தேன், சுமார் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் அவ்வளவு இருந்தன என்பது இன்று நமக்குத் தெரிவதே அந்தக் கணக்கினால்தான். மாவட்டத்துக்கு இரண்டு, தாலுகாவுக்கு ஒன்று என்று சர்க்கார் பள்ளிகள் தொடங்கவும் திட்டம் போட்டார். சில தொடங்கின. அவருக்குப் பிறகு அந்தத் திட்டத்தை வளர்க்க யாரும் முனையவில்லை.

இந்தியர்களை உயர்ந்த பதவிகளிலிருந்து ஒதுக்கி வைத்துக்கொண்டு அவர்கள் குணத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பதும், அவர்களைத் தங்களைத் தாங்களே ஆளத் தகுதியாக்கிவிட்டு வெளியேறுவதே பிரிட்டிஷாருக்கு மரியாதை என்பதும் 1824-ன் கடைசி நாளில் அவர் எழுதிய நீண்ட குறிப்பின் கருத்து. அதற்குப் பிறகு நாம் 123 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிவு சோகமானது. பணியிலிருந்து விடுவிக்கக் கேட்டிருந்தார். பர்மா போர் வந்து தள்ளிப் போட்டது. மகனுக்கு உடல்நலம் சரியில்லாமல் 1826-லேயே மனைவி குழந்தையோடு இங்கிலாந்து போய்விட்டார். பதவி முடியும் தறுவாயில், 1827 மே மாதக் கடைசியில், தாம் கலெக்டராக இருந்த பழைய ஊர்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று மன்றோ கிளம்பினார். அந்தப் பக்கம் அப்போது காலரா. ஜூலை 6 அன்று, கர்நூல் மாவட்டம் பத்திகொண்டாவில் காலையில் நோய் கண்டது, இரவு உயிர் பிரிந்தது. வயது 66. மறுநாள் குத்தியில் அடக்கம் செய்தார்கள். 1831-ல் எலும்புகளைக் கொண்டுவந்து நம் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் வைத்தார்கள். பத்திகொண்டாவில் அவர் நினைவாகக் கிணறும் தோப்பும், குத்தியில் சத்திரமும் ஏற்படுத்தினார்கள். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமிகள் அவருக்குக் காட்சி கொடுத்தார் என்பது பக்தர்கள் நம்பிக்கை. திருமலையில் அவர் பெயரால் நைவேத்தியத்துக்கு ஒரு கங்காளம் உண்டு என்றும் சொல்வார்கள்.

இவ்வளவு நல்லவர் என்றால் எல்லாம் நல்லதாகவே நடந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. நடுவில் ஜமீன்தார் இல்லை என்றால் நடுவில் யாருமே இல்லை என்று ஆகாது. தாசில்தாரும் சேவகனும் இருந்தார்கள். அவர் போன பிறகு, தீர்வை வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்க ஒரு கமிஷனே போட வேண்டி வந்தது. 1855-ல் அந்தக் கமிஷன் புகார் உண்மை என்று அறிக்கை கொடுத்தது. முறை காகிதத்தில் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதை நடத்துகிறவர் கூடாரத்தில் தங்கத் தயாராக இருக்க வேண்டும். தவிர, அவர் எவ்வளவு குறைத்தாலும் அந்தப் பணம் போனது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கஜானாவுக்குத்தான். அதையும் மறக்கக்கூடாது.

மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் என்பவருக்கும் ஒரு சிலை இருந்தது. 1857 கிளர்ச்சியை அடக்குவதில் கொடுமை செய்தவர். அந்தச் சிலையை அகற்றக் கோரி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது, பலர் சிறை போனார்கள். 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. மன்றோ சிலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஊர் ஜனங்கள் சிலைகளையும் தணிக்கை செய்துதான் வைத்துக்கொள்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி என் பழைய பாக்கி. 1980-களில் எனக்குத் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் வேலை. பயிர்க்கடன் கவுண்டர். ஒரு பெரியவர் பட்டாவோடு வந்தார். பட்டா காலமான அவருடைய அப்பா பெயரில் இருந்தது. பெயர் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தார், ஏதோ ஒரு சான்று குறைந்தது. மூன்றாவது முறை வந்தபோது எல்லாம் இருந்தது, ஆனால் சர்வே எண்ணில் உட்பிரிவு தவறாக இருந்தது. அதையும் திருப்பினேன். நாலாவது முறை அவர் வரவில்லை. விதைப்புக் காலம் முடிந்திருந்தது.

விதிப்படி நான் செய்தது சரி. எந்த ஆடிட்டரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய நிலம் கிளையிலிருந்து பதினோரு கிலோமீட்டர்தான். கள அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி, நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அதே மண்ணில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர், காது சரியாகக் கேட்காமல், குடியானவனின் வரப்பு வரைக்கும் போயிருக்கிறார். எனக்குக் காது நன்றாகக் கேட்டது. அவர் பெயர்கூட இப்போது நினைவில்லை, அந்தப் பதிவைத் திருத்த எனக்கு இனி வழியும் இல்லை. மன்றோவைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். அதனால்தான் மேலதிகாரியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். போய் நின்றேன், அண்ணாந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

நீங்களும் போய்ப் பாருங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போவது உத்தமம், வண்டிகள் குறைவு. மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, சிம்சன் வழியாகப் பாலம் தாண்டி நடக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆட்டோ பிடியுங்கள். சாலையின் குறுக்கே ஓட வேண்டாம், நடைபாதையிலிருந்தே நன்றாகத் தெரியும். குழந்தைகளை அழைத்துப் போனால் சேணத்தைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. பிறகு மற்றதைச் சொல்லுங்கள்.

நம் சங்கத்தில் அலுவலகப் பொறுப்பு வகிப்பவர்களுக்கும் கடைசியாக ஒரு விண்ணப்பம். பராமரிப்புக் கட்டணமோ, தண்ணீர்ப் பங்கீடோ, எந்த எண் தவறாகப் போய்விட்டாலும் கவலைப்பட வேண்டாம். குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 13 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.